ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்குள் இருப்பது

தம்பி,

இதைப் படிக்கும்போது உன் கையில் ரம்பம் இருந்தால் முதலில் அதைக் கீழே வை. ஸ்டாண்டைச் சாய்க்காதே, தட்டிப் பார்க்காதே, ஆணியைப் பிடுங்காதே. கீதாவை அந்த அறையை விட்டு வெளியே போகச் சொல். அப்புறம் உட்கார்ந்து நிதானமாகப் படி. நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். நம் வீட்டில் எல்லாரும் நலமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கும்போது அதை எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை பூத்திலிருந்து உனக்குப் பேசினேன் அல்லவா, அப்போது நீ சொன்னாய்: "அப்பா, புதுசா திவான் வாங்கியிருக்கோம். அதுல உக்காந்தா ஸ்பீக்கர் தலைக்கு மேல போயிடுது. ஞாயித்துக்கிழமை பக்கத்து வூட்ல ரம்பம் வாங்கி ஸ்டாண்டுல ஆறு அங்குலம் கொறைக்கப் போறேன்." நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். நீ சிரித்தாய். "உங்க கைவேலைல நான் கை வெக்கக் கூடாது, அதானே? வேணும்னா மியூசியத்துக்கு எழுதிப் போடட்டுமா?" என்றாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உன் அம்மா நின்றுகொண்டு, "என்னவாம், என்னவாம்?" என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்துவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன். நீ நம்பாததில் உன் தப்பு எதுவும் இல்லை. உன் கல்யாணத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த ஸ்டாண்டைப் பற்றிப் பெருமை அடித்தவன் நான். வாழ்க்கை முழுக்க எதையும் விளையாட்டாகவே பேசிவிட்டால், நிஜமாகவே ஒன்றைச் சொல்ல வேண்டிய நாளில் அதைச் சொல்ல வேறு குரல் இருப்பதில்லை. அதனால்தான் காகிதம்.

அதைச் செய்த கதை உனக்குத் தெரிந்த வரைக்கும் பாதிதான். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். போனஸ் வந்த கையோடு பெங்களூர் போய் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கி வந்தேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு, காலேஜ் படிப்பைவிட ஜாஸ்தி என்று சொல்லித்தான் உன் அம்மாவைப் பெண் கேட்டேன். அப்படிப்பட்ட படிப்பாளி கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல் இருப்பானா? அவர் கன்னடம் கலந்த தமிழில், "தரை மேல வெச்சா சவுண்டு குண்டு குண்டுன்னு வரும் சார். காது ஒசரத்துல ஸ்டாண்டு போட்டு வைங்க. ஸ்டாண்டு கனமா இருக்கணும். ஸ்பீக்கர்தான் பாடணும், ஸ்டாண்டு பொணம் மாதிரி நிக்கணும்" என்றார். கடையில் விற்ற ஸ்டாண்டைப் பார்த்தேன். இதை நானே செய்வேன் என்று தோன்றிவிட்டது. கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் நான் தினமும் பலகை அறுத்து ஆணி அடிக்கிறவன்தானே.

வெளிநாட்டு மிஷின் வந்த பெட்டியை உடைத்த பைன் பலகைகளை கேட் பாஸ் எழுதி வாங்கி சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து என் காது உயரத்தை அளக்கச் சொன்னேன். உன் அம்மா தையல் டேப்பை வைத்து அளந்தாள். போட்டோவுக்கு உட்காருவது போல நான் விறைப்பாக உட்கார்ந்துவிட்டேன். பாட்டு கேட்கும்போது மனிதன் அப்படியா உட்காருவான்? அதனால் ஸ்டாண்டு ஆரம்பத்திலிருந்தே உயரம் அதிகம். உனக்கு இன்று திவானில் ஒத்துவராததற்கும் நான்தான் காரணம் என்று சேர்த்து எழுதிக்கொள். நாலு பலகையைச் சேர்த்து நீளப் பெட்டி மாதிரி ஒரு தூண், அடியில் அகலமான பலகை, மேலே ஸ்பீக்கர் உட்கார இன்னொரு பலகை. பேக்கிங்காரன் செய்தால் எதுவும் பேக்கிங் பெட்டி மாதிரிதான் வரும். உன் மாமா வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது எந்த ஊருக்கு லோடு போகுது?" என்று கேட்டான். ஒரு ஸ்டாண்டு அரை அங்குலம் குட்டை. அதன் அடியில் அட்டை மடித்து வைத்தோம்.

தூணுக்குள் கனத்துக்கு மணல் போட்டேன். கெலவரப்பள்ளி பக்கம் ஆற்று மணல், ஒரு கோணி. காயவைக்காமல் போட்டேன். ஒரே மாதத்தில் பலகை ஊதி மூலை பிளந்துகொண்டது. உள்ளே எறும்பு வேறு. அப்போதுதான் முனிராஜ் வந்தான். உனக்கு நினைவிருக்கும், உயரமாக இருப்பான், உன்னைத் தோளில் தூக்கி விட்டத்தைத் தொட வைப்பான். எங்கள் கம்பெனியில் பாய்லர் குழாய்களுக்குச் சூடு போகாமல் வெள்ளைப் பூச்சு பூசுவது அவன் வேலை. "மணல்ல பாதி எடுத்துடு. எங்க பொடியைக் கலந்து போடு. எறும்பு ஏறாது, மக்காது, நெருப்பு வெச்சாலும் எரியாது. பலகைல மோதுற சத்தத்தை அப்படியே முழுங்கிடும்" என்றான். மறுநாளே கிழிந்த மூட்டை ஒன்றைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து போட்டான். அது கல்நார்ப் பொடி. ஆஸ்பெஸ்டாஸ். நாங்கள் அதை அப்படியெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வெள்ளைப் பொடி என்போம், அவ்வளவுதான்.

ஊத்தங்கரைப் பக்கம் பிறருடைய காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம் நம்முடையது. எனக்குக் கம்பெனி வேலை கிடைத்த பிறகு, கம்பெனியிலிருந்து வருவதெல்லாம் நல்லது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. கம்பெனி டிரம்மில்தான் தண்ணீர் பிடித்தோம். கம்பெனிச் சாக்குதான் வாசல் மிதியடி. ஆயில் துடைக்கிற பஞ்சுக் கழிவைத் தலையணையில் அடைத்த புத்திசாலி நான். கம்பெனிக்காரன் அவ்வளவு செலவு செய்து வரவழைக்கிற சாமான் கெட்டதாக இருக்க முடியுமா என்று நினைத்தோம். யாரும் எங்களிடம் வேறு மாதிரி சொல்லவும் இல்லை.

பொடி கட்டி கட்டியாக இருந்தது. தூணின் வாய் சின்னது, கட்டி இறங்கவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தாள். கூடத்தில் நியூஸ் பேப்பர் விரித்து உட்கார்ந்து மூட்டை முழுவதையும் சலித்தாள். காற்றுக்கு ஃபேன் போட்டிருந்தோம். வீடே புகை மூட்டம் போல இருந்தது. அவள் புருவம், முடி எல்லாம் வெள்ளை. "பாத்தியாடா, உங்கம்மாவுக்கு இப்பவே வயசாயிடுச்சு" என்று உன்னிடம் சொன்னேன். "ஆமா, உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே ஆயிடுச்சு" என்றாள். மூவரும் சிரித்தோம். சல்லடையைக் கழுவி அன்று இரவே சப்பாத்திக்கு மாவு சலித்தாள்.

ஸ்டாண்டு ஜோராக நின்றது. சத்தமும் சுத்தமாக வந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் நான் அடித்த ஆணிக்கு அடிப்பலகை மூலையில் மயிரிழை இடைவெளி. பாட்டு சத்தமாக ஓடினால் தூண் மெல்ல அதிரும். மறுநாள் காலை ஸ்டாண்டின் கால்மாட்டில் மெல்லிய வெள்ளை வளையம் இருக்கும். உன் அம்மா தினமும் துணியால் துடைத்துத் துடைத்து, "பாட்டு ஓடினா தூசி வருதுங்க" என்பாள். "கச்சேரிக்கு வந்தவங்க பவுடர் போட்டுக்கிட்டு வர்றாங்க போல" என்பேன். அந்தத் துணியை அவள் முற்றத்தில் உதறுவாள். நீ அந்த வளையத்தில் விரலால் உன் பேரை எழுதி விளையாடியிருக்கிறாய். கடைசியில் ஒரு தீபாவளிக்கு நான் மெழுகு உருக்கி அந்த இடைவெளியை அடைத்தேன். அதற்குள் இரண்டு மூன்று வருஷம் ஓடியிருக்கும்.

இதோடு பதினேழு வருஷம் ஆகிறது. போன மாதம் சூளகிரிக்குப் போய் முனிராஜைப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சுக் கோளாறு என்று அவன் வேலையை விட்டு நின்றது உனக்குத் தெரியும். ஆள் பாதியாகிவிட்டான். நாலு வார்த்தை பேசுவான், வாயைத் திறந்துகொண்டு நிற்பான், பிறகு மிச்சத்தைச் சொல்வான். ஒரு டம்ளர் காபியை அரை மணி நேரம் குடித்தான். நான் வழக்கம்போல, "என்னப்பா, காபிய ஆற வெச்சு தயிராக்கிடுவியாட்ட இருக்குது" என்றேன். அவன் சம்சாரம், "அண்ணா, அவரைச் சிரிக்க வெக்காதீங்க. சிரிச்சா இருமல் நிக்காது" என்றாள்.

அவள் உள்ளே போனதும் அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "ஏம்ப்பா, அந்தப் பொடி... இன்னும் உன் வூட்ல இருக்குதா?" என்றான். இருக்கிறது என்றேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அவன் எதுவும் சொல்லும் முன்னாலேயே, கல்நார் வேலை செய்தாயா என்று கேட்டாராம். உள்ளே போனது வெளியே வராதாம். பத்து வருஷம், இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு தலையெடுக்குமாம். "அவளையும் படம் எடுத்தாங்க" என்று உள்ளே கை காட்டினான். "என் துணிய தொவச்சாளே... தொவைக்கறதுக்கு முன்னால உதறுவாளே... அதுக்கு." அவளுக்கு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "மூடி இருக்குற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ஒடைக்காத. அறுக்காத. காஞ்சது காத்துல பறந்தா போச்சு" என்றான். மூன்று தடவை மூச்சு வாங்கி இதைச் சொன்னான். நான் உனக்குச் சொல்ல வேண்டியதைத்தான் அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அம்மாவுக்கு மழைக்காலத்திலிருந்து இருமல் என்பது உனக்குத் தெரியும். ஈரக்காற்று என்றேன். நம் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிரப் கொடுத்தார். அது முனிராஜைப் பார்ப்பதற்கு முன்னால். பார்த்துவிட்டு வந்த பிறகும் ஒரு தடவை கூட்டிப்போனேன். அப்போது எனக்குத் தெரியும். டாக்டர், "வீட்ல தூசி கீசி உண்டா?" என்று கேட்டார். நான் "இல்லைங்க" என்றேன். உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியாது. அவளுடைய இருமல் அந்தப் பொடியால் வந்ததா, வெறும் சளியா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தால் வெறும் சளியாகவே இருந்துவிடும் என்று நினைக்கிற ஆள் உன் அப்பன்.

இரண்டு வாரம் நான் பாட்டே போடவில்லை. "ஏங்க, ரேடியோக்காரர் ஏன் மௌன விரதம்?" என்று கேட்டாள். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்றேன். சாப்பிடும்போது அந்த இரண்டும் மூலைக்கு ஒன்றாக நின்று என்னையே பார்ப்பது போல இருக்கும். தூக்கி எறியலாம் என்றால் எங்கே எறிவது? ஏரியில் போட்டால் ஊர் குடிக்கிற தண்ணீர். ரோட்டோரம் போட்டால் பலகைக்காக யாராவது உடைப்பார்கள். புதைத்தால் நாளைக்கு அங்கே கம்பெனி கட்ட ஜேசிபி வரும். நம் ஊரில் தோண்டாத இடம் ஏது?

இப்போது எழுதப் போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ டெம்போவோடு வந்தாய். "அப்பா, நீங்கதான் பாட்டு கேக்கறதில்லையே, செட்டை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாய். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொன்னால் உன் அம்மா கேட்பாள். நான் சொல்லவில்லை. அது மட்டும் என்றால் கோழைத்தனம் என்று விட்டுவிடலாம். நான் உன்னோடு சேர்ந்து தூக்கினேன், தம்பி. கயிறு போட்டு நானே இறுக்கிக் கட்டினேன். பழைய போர்வையைச் சுற்றி, ஆடாமல் கொண்டுபோகச் சொல்லி டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னேன். டெம்போ தெருமுனை திரும்பியபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, வீட்டை விட்டுப் போயிற்று என்று தோன்றியது. போனது எங்கே என்று ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. மருமகள் கீதா ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டுக்கு அதை நான் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷ நிம்மதியை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. பொடியை அடைத்தது தெரியாமல் செய்தது. கயிறு கட்டியது தெரிந்து செய்தது.

நீ அப்பனாகப் போகிறாய். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை கேட்கும்போது பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் சிரித்துச் சமாளிக்காதே. நான் அந்த வழியில்தான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். ஆனால் நான் சொன்ன எதையும் நிஜமென்று எடுத்துக்கொண்டு யாரும் இரண்டாவது தரம் யோசித்ததில்லை.

செய்ய வேண்டியது இது. ஸ்டாண்டை இருக்கிற இடத்திலேயே விடு. ஸ்பீக்கரைக்கூட இறக்காதே. அடியில் மெழுகு விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்காதே. தரையில் வெள்ளையாக எதையாவது பார்த்தால் பெருக்காதே. ஈரத்துணியைப் போட்டு மூடிவிடு. ஜன்னலை மூடு, ஃபேனை நிறுத்து. அந்த அறையைப் பூட்டு. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். பிளாஸ்டிக் தாள் வாங்கி வைத்திருக்கிறேன், நனைத்துச் சுற்றி நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று கேட்காதே, இன்னும் தெரியாது. திங்கட்கிழமை கம்பெனியில் போய்க் கேட்பேன். கேட்டால் முதலில் என் பேரை எழுதிக்கொள்வார்கள் என்பதும் தெரியும். இந்தக் கடிதத்தை பெங்களூர் போகிற நம் தெரு டிரைவரிடம் கொடுத்து இன்று சாயங்காலமே உன் கையில் சேர்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால் உன் அம்மா எதிரில் நிற்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்ததிலிருந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது?

"யாருக்கு இவ்ளோ நேரமா?"

"தம்பிக்கு."

"வியாழக்கெழமைதான பேசினீங்க. பேச்சுல வராதது என்ன அது? படிங்க."

"உனக்கு ஒண்ணும் இல்ல அதுல."

"எனக்கு இல்லாதத எனக்குப் படிச்சா என்ன?"

படித்தேன், தம்பி. முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. சல்லடை வந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவள், "சத்தமா" என்றாள். டெம்போ வந்த இடத்தில் அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். முடித்ததும் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை நானும் காத்திருந்தேன். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப பெங்களூருக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"நாளைக்குக் காலைல போறேன்னு எழுதியிருக்கேனே."

"அவன் உங்க புள்ளைங்க. ஞாயித்துக்கெழமை அறுக்கறேன்னு சொன்னா சனிக்கெழமையே அறுத்துப் பாப்பான். எந்திரிங்க."

அவள் புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடைசி வரிகளை நின்றுகொண்டு எழுதுகிறேன். எனவே இதை டிரைவர் கொண்டுவர மாட்டார். நானே உன் கையில் கொடுப்பேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காருவாளா, முன் சீட்டுக்குப் போய்விடுவாளா, தெரியவில்லை. உன் வீடு இரண்டாம் மாடி. அவள் நடுவில் எத்தனை இடத்தில் நின்று ஏறினாள் என்பதை நான் எண்ணியிருப்பேன், நீ கேட்காதே. வந்ததும் அவள் உன்னிடம் ஒன்றும் பேசாமல் கீதாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நீ இதை வாசற்படியில் நின்றே படி. முடிக்கும்வரை நான் வாய் திறக்காமல் எதிரில் நிற்பேன். முடித்த பிறகு என்னை உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். ஆனால் அந்த அறைக்குள் மட்டும் என்னை முதலில் போக விடு.

உன் அப்பா